தடாகத்து ஹீட்டரும் எர்த் கம்பியும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள குணம்,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடை திருந்தி வருகிறது என்று அறிந்து மனம் ஆறுதலடைந்தது. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவனுக்குத் திருகோணமலைக்கு மாற்றம் கிடைத்ததால் பேரப்பிள்ளைகள் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

இராஜகிரிய வீட்டில் கட்டும் நீச்சல் தடாகத்துக்கு ஹீட்டர் பூட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர். கொழும்பு வெக்கையில் இது எதற்கு என்று அயலவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் மூட்டுப் பயிற்சிக்கு 33 பாகை வேண்டுமென்று வைத்தியர் சொல்லியிருந்தால், வீட்டின் நிழலில் அமையும் தண்ணீர் தானாக அந்த அளவுக்குச் சூடேறாது.

ரொறன்ரோவில் வாங்கிக் கப்பலில் அனுப்பும் யோசனையை மட்டும் கைவிடும். அங்கே 240 வோல்ட் என்பது இரண்டு லைவ் கம்பிகளுக்கு இடையில் கிடைப்பது. நிலத்தைப் பொறுத்தவரை ஒவ்வொன்றிலும் 120 தான். இங்கே ஒரே கம்பியில் 230 வோல்ட் வருகிறது, அலைவெண்ணும் 60 அல்ல, 50. சூடேற்றும் எலிமெண்ட் இதையெல்லாம் பொருட்படுத்தாவிட்டாலும், கூட வரும் ரிலேயும் கட்டுப்பாட்டுப் பலகையும் மக்கர் பண்ணும். மேலும், நீர் குறிப்பிட்ட 11 கிலோவாட் ஹீட்டர் இங்கே ஏறத்தாழ 44 ஆம்பியர் இழுக்கும். வீட்டுக்கு ஒரே லைவ் கம்பி வரும் 30 ஆம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பு அதைத் தாங்காது. மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்து, 9 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை இங்கேயே வாங்கினால், பேஸுக்கு 13 ஆம்பியரோடு காரியம் முடியும். 30,000 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை உயர்த்த 35 அலகு மின்சாரம் செலவாகும் என்பதையும் நினைவில் வையும். பில்லைப் பார்த்துத் திகைப்பதைவிட, காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். எதை வாங்கினாலும் பின்வருபவை மாறா.

நம் நாட்டு வீடுகளில் எர்த் என்பது வளவிலே நிலத்துக்குள் அடித்த கம்பி. அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஹீட்டரின் உடலில் மின் ஏறும்போது நிலத்துக்குள் போகக்கூடியது 11 ஆம்பியர் அளவில்தான் இருக்கும். அதற்கு 20 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, தண்ணீரும் ஏணியும் மின்னோடு காத்திருக்கும். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே விழும் ட்ரிப் சுவிட்ச்தான் உயிரைக் காக்கும். ஹீட்டருக்கென்று அதைத் தனியாகவே போடச் சொல்லும்.

கல்கிசையில் ஒரு வீட்டு மின்பலகையைத் திறந்து பார்த்தேன். ட்ரிப் சுவிட்சின் நெம்பு ஒழுங்காக மேலே நின்றது. ஆனால் அதைத் தொடாமல் ஒரு சிவப்புக் கம்பி மேலிருந்து கீழே நேரே போயிருந்தது. ஹீட்டர் போடும்போதெல்லாம் விழுகிறது என்பதால் யாரோ செய்த கைங்கரியம். விழுவதற்குக் காரணம் உண்டு: எலிமெண்ட் குழாய்க்குள் காப்பாக அடைத்திருக்கும் மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால், நம் கடற்காற்றில் அது ஈரித்து மின்னைக் கசியவிடும். நீர் வருடத்துக்கு ஒருமுறை வந்து தங்குபவர் என்பதால் உமக்கும் இது நேரும். அப்போது செய்ய வேண்டியது காப்பின் தடையை மெகர் என்ற கருவியால் அளந்து, எலிமெண்டை உலர்த்துவது அல்லது மாற்றுவது. சுவிட்சைத் தாண்டிக் கம்பி இழுப்பதல்ல.

பம்ப் ஓடி நீரோட்டம் இருந்தால் மட்டுமே ஹீட்டர் இயங்கும்படி ஃபுளோ சுவிட்சும், மின்பலகையும் ஹீட்டரும் தடாக விளிம்பிலிருந்து மூன்றரை மீற்றருக்கு அப்பாலும் இருக்கட்டும். மின்னியலாளர் அனுமதிப்பத்திரம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பதை உமக்குச் சொல்லத் தேவையில்லை.

அவசரமானது ஒன்று உண்டு. தடாகத்தின் இரும்புக் கம்பிக்கட்டு, ஏணி, கைப்பிடி, பம்பின் உடல், உலோகக் குழாய்கள் அனைத்தையும் குறைந்தது 4 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தில் சேர்க்க வேண்டும். பழுது வந்தாலும் நனைந்த கைக்கும் காலுக்கும் இடையே வோல்ட் வித்தியாசம் எழாதபடி காப்பது இதுவே. கொங்கிரீட் விழுந்தபின் கம்பிக்கட்டைத் தொட வழியில்லை. ஆகவே கொங்கிரீட் போடும் திகதியைக் கொந்திராத்துக்காரரிடம் கேட்டு உடனே எனக்கு அறிவியும். முதல் நாளே போய் அந்த இணைப்பைப் பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
நாதன்