உருக்கும் மூசையில் பழங்காசைப் போடுமுன் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நகைப் பட்டறைப் பத்தர்மாருக்கும், பழைய செம்பு பித்தளை வாங்கும் வியாபாரிகளுக்கும்,

வணக்கம். போன வருடம் மகளின் தோட்டுக்குத் திருகாணி மாற்ற ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். மேசை விளக்கடியில் ஒரு சிரட்டை, அதற்குள் கறுத்துப்போன செப்புக் காசு ஒன்று. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வரம்பு வெட்டும்போது பன்னிரண்டு காசு வந்ததாம். பழைய செம்பு சுத்தமானது என்று, தாயத்துப் போல அணியும் அச்சரக்கூடு செய்யக் கொடுத்திருக்கிறார்கள். பதினொன்று ஏற்கெனவே உருகிவிட்டது.

"இதில ஒண்டும் இல்லையே தம்பி, தேஞ்ச காசு" என்றார் பத்தர்.

தராசில் வைக்கச் சொன்னேன். 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பிறகு விளக்கைத் தாழ்த்தி, விளிம்புப் பக்கமாக வெளிச்சம் விழும்படி பிடித்தோம். நேர் வெளிச்சத்தில் வெறும் தகடாகத் தெரிந்ததில் மெல்லிய நிழல் ஒன்று எழுந்தது. வளைத்த கம்பி போல ஒரு கை, கீழே வேட்டி மடிப்பு. நிற்கும் அரசன். மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் அருகே, வடமொழி எழுதும் நாகரி எழுத்து பாதி. பொலன்னறுவைக் காலத்துக் காசு. முதலாம் இராசராசனின் காசைப் பார்த்து அமைத்த வடிவம் அது. பராக்கிரமபாகு, சாகசமல்லன், மூன்று தடவை அரியணையேறிய லீலாவதி அரசி என்று பலரும் இதே வடிவில்தான் அடித்தார்கள். யாருடையது என்று சொல்வது அந்த எழுத்து மட்டுமே. அச்சு முழுவதும் காசில் விழாது. ஒன்றில் பெயரின் தலை இருக்கும், இன்னொன்றில் வால் இருக்கும். பன்னிரண்டும் இருந்திருந்தால் ஒன்றில் இல்லாததை மற்றதில் வாசித்திருக்கலாம். இன்றுவரை எனக்கு மனம் ஆறவில்லை.

பத்தர்மேல் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தேய்ந்த காசை இனங்காணத் தேவையான நுட்பமான தராசும் பூதக்கண்ணாடியும் ஊரில் உங்களிடம்தான் இருக்கின்றன. காசும் முதலில் உங்களிடம்தான் வருகிறது.

சின்ன விரல் நகமளவு செப்புத் துண்டென்றாலும் ஒதுக்காதீர்கள். 4ஆம், 5ஆம் நூற்றாண்டு ரோமக் காசுகளும், அவற்றைப் பார்த்து இங்கேயே செய்தவையும் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை அப்படித் தேய்ந்தவைதான். காளையும் பிறையும் கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்தும் தெரிந்தால் யாழ்ப்பாண அரசர் காசு. 'வி' என்ற ஆங்கில எழுத்தின் இரு கால்களிலும் 'ஓ', 'சி' ஏறியிருந்தால் ஒல்லாந்தக் கம்பனியுடையது. வெள்ளித் துண்டில் சூரியன் போலச் சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருந்தால் உடனே மூசையை விட்டுத் தள்ளி வையுங்கள். அவை இரண்டாயிரம் வருடம் பழையவையாக இருக்கலாம்.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டு விளக்க வேண்டாம். சாம்பலும் எலுமிச்சையும் அமிலமும் வேண்டாம். அந்தப் பச்சைப் படலத்துக்குள்தான் எழுத்தின் கடைசி மேடு நிற்கிறது. தேய்த்தால் செம்பு பளபளக்கும், அரசனின் பெயர் போய்விடும். மண்ணோடு அப்படியே கடதாசியில் பொதிந்து, ஊர்ப் பெயரும் வயல் வட்டையின் பெயரும், எத்தனை காசு சேர்ந்து வந்தன என்பதும் எழுதி வையுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத காசு பாதி ஊமை.

சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தற்செயலாகக் கிடைத்த தொல்பொருளை அறிவிக்க வேண்டும். கொண்டுவரும் வயல்காரர் பயந்துபோவார், கள்ளன் என்பார்களோ என்று யோசிப்பார். நீங்கள் பழகிய முகம். "அறிவிச்சால் சரி, உருக்கினால்தான் பிழை" என்று நீங்கள் சொன்னால் கேட்பார்.

அச்சரக்கூட்டுக்குப் புதுச் செம்புத் தகடு கடையில் கிடைக்கும். காசு கொண்டு வருபவருக்கு முதலில் அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து,
பழங்காசு பார்க்கும் உங்கள் வாடிக்கையாளன்