ஆடி மாதத்தில் தேனீக்கு என்ன உணவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேன் சீசன் தொடங்கிவிட்டது என்று நாளிதழ்களில் படத்துடன் செய்தி வருகிறது. பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஆடி மாதத்தில் எங்கள் பெட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அருமனைக்குப் பக்கத்தில் 36 பெட்டிகள் வைத்திருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற தொழில். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் பெட்டியில் தேனீ வளர்ப்பதை ஊக்குவித்தார். எங்கள் ஊர்களில் இந்தத் தொழில் வேர்பிடித்தது அப்போதுதான். அன்று பெட்டி நின்ற விளை (தோட்டம்) வேறு. தென்னை, பலா, அயனி, புளி, முருங்கை, வாழை எல்லாம் கலந்து நிற்கும். தென்னை மாதம் ஒரு பாளை விடும். ஒரு மரம் ஓய்ந்தாலும் அடுத்த மரத்தில் பூ இருக்கும். இன்று என் பெட்டிகளைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் ரப்பர்தான்.

ரப்பரை நான் குறை சொல்ல வரவில்லை. என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது ரப்பர்த் தேன். அந்தத் தேன் பூவிலிருந்து வருவதல்ல என்பது பலருக்குத் தெரியாது. தை, மாசியில் இலை உதிர்ந்து புதுத் தளிர் செம்பு நிறத்தில் விரியும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கும். காலையில் அங்கே ஒரு சொட்டு மின்னும். தேனீ அதைத்தான் உறிஞ்சி வருகிறது. தளிர் முற்றிப் பச்சையானதும் சொட்டும் நின்றுவிடும். சில வாரங்கள் கொட்டிக் கொடுத்துவிட்டுத் தோட்டம் கதவைச் சாத்திக்கொள்கிறது. பிறகு தென்மேற்குப் பருவமழை. அந்த மழையில் ஈ வெளியே போவதே கடினம். போனாலும் நிழல் மண்டிய தோட்டத்தில் பூ எங்கே இருக்கிறது?

போன ஆடியில் ஒரு பெட்டியைத் திறந்தேன். தூக்கிப் பார்த்தபோதே கனம் இல்லை. நடுச் சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நல்ல காலத்தில் புழு இருக்கும் இடத்தைச் சுற்றி, மகரந்தம் அடைத்த கண்ணறைகள் மாலை கட்டியது போல மஞ்சளாக வளைந்து போகும். அன்று அந்த வளையமே இல்லை. சில கண்ணறைகளின் அடியில் வெள்ளை நூல்துண்டு போல முட்டை நின்றது. ராணி தன் வேலையைச் செய்திருக்கிறாள். ஆனால் வளர்ந்த புழு ஒன்றுகூட இல்லை. ஊட்ட மகரந்தம் இல்லாதபோது வேலைக்காரத் தேனீக்கள் புழுக்களைத் தாங்களே தின்றுவிடும். இரண்டு வாரம் கழித்துப் போனேன். பெட்டி காலி. குடும்பம் முழுவதும் கூட்டை விட்டு ஓடிவிட்டது. காய்ந்த அடையில் மெழுகுப் பூச்சி நூல் கட்டியிருந்தது.

சர்க்கரைப் பாகு வைக்கவில்லையா என்று கேட்பார்கள். வைத்தேன், வாரம் தவறாமல் வைத்தேன். பாகு ஈயை உயிரோடு வைத்திருக்கும், புழுவை வளர்க்காது. புழு வளர மகரந்தம் வேண்டும், அதற்குப் பூ வேண்டும். பசித்த குடும்பத்தில் நோயும் எளிதில் புகும். 1991, 1992இல் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது அப்பாவின் 60 பெட்டிகளில் 4தான் மிஞ்சின. இறந்த புழுவை அவர் இடுக்கியால் எடுத்துக் காட்டியது நினைவிருக்கிறது. தண்ணீர் நிறைந்த சிறு பை போல அது தொங்கியது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். அங்கே தேனீப் பெட்டிகளை எடைபோட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்தபோது என் தோட்டத்தைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது. கோடையில் பயிர் அடர்ந்த இடத்துப் பெட்டிகள் மற்றவற்றைவிட நன்றாகக் கனத்தன. சோயாவும் கிளோவர் என்ற தீவனச் செடியும் பூத்து ஓய்ந்ததும் அதே பெட்டிகள் எடை இழந்து பட்டினிக்கு வந்தன. ஆகஸ்ட் மாதம் சில பெட்டிகளை மண்ணுக்குரிய பூக்கள் நிறைந்த புல்வெளிக்கு மாற்றினார்கள். அவை தேறிவிட்டன. அங்கே விவசாயிகள் சிலர் இப்போது வயலின் நடுவிலேயே அந்தப் புல்லையும் பூவையும் பட்டையாக விதைக்கிறார்கள்.

நம்மிடம் விதைக்கக்கூட வேண்டியதில்லை. அழிக்காமல் விட்டாலே போதும். ஓடைக்கரையில் தொட்டாற்சுருங்கி தானாகவே படர்கிறது. மழைக்காலத்தில் என் ஈக்கள் காலையில் முதலில் போவது அதற்குத்தான். பாதையோரம் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் முளைக்கின்றன. இவற்றைக் களை என்று சொல்லிக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். என் பெட்டிகளுக்குக் கிழக்கே உள்ள தோட்டத்தில் மறுநடவுக்காக மரங்களை வெட்டியபோது, எல்லையில் நின்ற தென்னையும் நாவலும் கூட விழுந்தன. ஓடைக்கரை வரை மருந்து அடித்தார்கள். ஒரே வாரத்தில் கரை முழுவதும் வைக்கோல் நிறமாகிவிட்டது. அந்த ஆண்டுதான் எனக்கு 9 குடும்பங்கள் போயின.

சிறு விவசாயி ஒவ்வொரு சென்ட்டையும் கணக்குப் பார்க்கிறார் என்பது எனக்கும் தெரியும். நானும் ஒன்றரை ஏக்கர்க்காரிதான். நான் கேட்பது ரப்பர் வரிசைக்குள் இடம் அல்ல. எல்லை, ஓடைக்கரை, கையாலை (தோட்டத்து மதில்) ஓரம் இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். பூத்து ஓயும் வரையாவது அங்கே கத்தி வைக்காதீர்கள், மருந்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள். மறுநடவு செய்து கன்று சிறியதாக இருக்கும் முதல் மூன்று ஆண்டுகள் வாழை ஊடுபயிர் போடுங்கள். வாழைப்பூ இருக்கும் தோட்டத்தில் என் பெட்டிகள் காலியானதே இல்லை. ஊராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். குளக்கரையையும் கால்வாய்க்கரையையும் சுத்தம் செய்யச் சொல்லும்போது மொட்டை அடிக்கச் சொல்லாதீர்கள். கரிசலாங்கண்ணியும் தும்பையும் குப்பை அல்ல.

ரப்பர்த் தளிர் முற்றும் நேரத்தில், சித்திரையை ஒட்டி, புங்கனும் நாவலும் பூக்கும். பட்டினி அந்த அளவுக்காவது தள்ளிப்போகும். என் வீட்டு முற்றத்தில் புங்கன் கன்றுகள் 40 பைகளில் முளைத்து நிற்கின்றன. அருமனை, களியல், திருவட்டாறு பக்கம் எல்லையோரத்தில் இடம் தருகிறவர்கள் இருந்தால், இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்பு நானே கொண்டுவந்து நட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் பெண் ஒருவர்,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.