வார்ப்புகளைக் கடையத் தொடங்குபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, மாதிரி நீராவி எஞ்சின் வார்ப்புகள் கைக்கு வந்ததும் நேராக லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மாட்டிவிடாதீர்கள். முதலில் வரைபடத்தோடு ஒவ்வொரு துண்டையும் அளந்து பாருங்கள். வார்க்கும்போது உள்கரு (துளை விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணல் துண்டு) நகர்ந்திருந்தால் சிலிண்டர் துளை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அந்தத் துளையை நம்பி மையம் குறிக்காதீர்கள்; வெளிச்சுவரையும் ஃபிளாஞ்சையும் (முனையில் துருத்தும் விளிம்பையும்) பார்த்துக் குறியுங்கள்.

வார்ப்பிரும்பின் மேல்தோல் கெட்டியானது, மணலும் ஒட்டியிருக்கும். பயந்து பயந்து 0.1 மி.மீ. சீவினால் டூல் முனைதான் மழுங்கும். (இரண்டு முனைகளைத் தீர்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.) கார்பைடு (மிகக் கடினமான வெட்டுப்பொருள்) டூல், குறைந்த வேகம்; உலோகம் மிச்சமிருந்தால் முதல் வெட்டே 1 மி.மீ. இறங்கட்டும். கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) வேண்டாம், உலர்வாகவே கடையலாம். வார்ப்பிரும்புத் தூள் லேத்தின் வழித்தடங்களை (டூல் தாங்கி நகரும் தண்டவாளங்களை) தேய்த்துவிடும், பழைய செய்தித்தாளால் மூடிவையுங்கள்.

சிலிண்டர் துளையையும் ஒரு முனை முகத்தையும் ஒரே மாட்டலில் முடியுங்கள். நடுவில் கழற்றினால் துளைக்கும் முகத்துக்கும் உள்ள செங்கோணம் போய்விடும், அப்புறம் பிஸ்டன் தண்டு இறுகும். மறுமுனையை, சிலிண்டரை மாண்ட்ரலில் (துளைக்குள் இறுகப் பொருந்தும் தண்டில்) ஏற்றிக் கடையலாம். வால்வு நகரும் முகத்தைத் தட்டையாகத் தேய்த்தெடுக்கக் கண்ணாடித் தகடும் எமரி தாளும் போதும்.

எஞ்சினின் முதல் ஓட்டம் அழுத்தக் காற்றில், 1 அல்லது 2 பார். எண்ணெய் விட மறக்காதீர்கள். புதுக் கொதிகலன் என்றால், வேலை அழுத்தத்தைப்போல் இருமடங்கு நீர் அழுத்தத்தில் சோதிக்காமல் தீ மூட்டவே கூடாது.

சரி, இங்கே உங்கள் வேலையின் புகைப்படம் போடும்போது வேலைத்துண்டை மாட்டிய விதமும் தெரியட்டும்.