ரப்பர் என்று நினைத்து வாங்காதே

அன்புள்ள சேகர்,

நலம். உன் கடிதம் கிடைத்தது. ரோடு பைக் சைக்கிளுக்கு பிளாஸ்டிக் டியூப் போடலாமா, போட்டால் எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடலாம். ஆனால் கிராம் கணக்கைப் பார்த்து வாங்காதே. உன் வண்டி ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் ரிம்மையே கவ்விப் பிடிக்கும் பிரேக். டயர் அகலம் 28 மி.மீ. முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டையும்தான்.

இந்த டியூப்களை டிபியூ என்கிறார்கள். விரித்தால் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், அதாவது சூடு பட்டால் இளகும் பிளாஸ்டிக். நீளமான இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம்மைத் தொட முடியாது, அவ்வளவு கொதிக்கும். அந்தச் சூடு டியூபுக்கும் வால்வின் அடிக்கும் போகிறது. அதனால்தான் மிக மெல்லிய ரகங்களில் சிலவற்றை டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று அட்டையிலேயே போட்டு விற்கிறார்கள். டியூபோலிட்டோ கம்பெனியின் எஸ்-டியூபோ ரோடு வெறும் 23 கிராம், ஆனால் டிஸ்க் வண்டிக்கு மட்டும். ஷ்வால்பே கம்பெனியின் ஏரோத்தான் (Aerothan) 41 கிராம், ரிம் பிரேக்குக்கும் அனுமதி உண்டு. உனக்கு அந்த ரகம்தான் சரி. 18 கிராம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் விளையாடாதே. கார்பன் ரிம்மோடு ரிம் பிரேக் வைத்திருப்பவர் யாராவது கேட்டால், சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூபிலேயே இருக்கச் சொல். கார்பன் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது.

எடையால் எவ்வளவு லாபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பியூட்டைல் டியூப் ஒன்று 105 கிராம் என்று வைத்துக்கொள். 41 கிராம் டியூப் இரண்டு போட்டால் மிச்சம் 128 கிராம். நீயும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு மணி நேரம் பிடிக்கும் மலை ஏற்றத்தில் இதனால் கிடைப்பது 6 வினாடி போல. அவ்வளவுதான். உருளும்போது வரும் லாபம் வேறு. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி எழும்போது உள்ளே இருக்கும் தடித்த ரப்பரும் சேர்ந்து மடங்கி, கொஞ்சம் சக்தியைத் தின்கிறது. மெல்லிய டிபியூ அவ்வளவு தின்னாது. ஒரு சக்கரத்துக்கு ஓரிரு வாட் குறையும். லேடெக்ஸ் என்னும் மெல்லிய ரப்பர் டியூபும் அதே அளவோ கூடவோ தரும், ஆனால் ராத்திரி அடித்த காற்று காலையில் கணிசமாக இறங்கியிருக்கும். டிபியூ காற்றைப் பிடித்து வைப்பதில் பியூட்டைலுக்குப் பக்கத்தில் நிற்கும். எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது.

இந்தப் பொருளைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ரப்பரை விட டிபியூ லேசான பொருள் இல்லை, அடர்த்தி சற்று அதிகம்கூட. வலு அதிகம் என்பதால் காகிதம் போல மெல்லிசாகச் செய்ய முடிகிறது, எடை குறைவது அதனால்தான். ஆனால் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கு வரும். இது நீண்டால் நீண்டதுதான். டயருக்கு வெளியே வைத்துக் காற்றடித்துப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இதில் அதைச் செய்தால் ஒரு பக்கம் பலூன் போல வீங்கி அப்படியே நின்றுவிடும், அந்த டியூப் வீண். தட்டையாக மடிந்திருப்பது உருண்டு வரும் அளவுக்குக் காற்று போதும். 32 டயரில் ஓடிய டியூபை 25 டயரில் மாட்டினால் உபரி மடிந்து சுருக்கம் விழும், அந்த மடிப்பில்தான் ஓட்டை வரும். எந்த டயரில் ஓடியது என்று டியூபின் மேல் பேனாவால் எழுதி வை. வாங்கும்போதும், 28 என்று எழுதியிருக்கும் டயர் அகலமான ரிம்மில் 30 வரை விரியும் என்பதை மறக்காதே. 18–28 டியூபை விட 32 வரை தாங்கும் டியூப் உனக்கு நல்லது.

மாட்டும் வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் ரிம் டேப்பைப் பார். ஸ்போக் ஓட்டைகளின் மேல் டேப் குழிந்திருந்தால் மாற்றிவிடு. மெல்லிய டியூப் அந்தக் குழியில் பிதுங்கி, நாளடைவில் அங்கேயே கிழியும். வால்வ் ஓட்டையின் விளிம்பில் விரலை ஓட்டு, பிசிறு இருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடு. பிறகு ஒரு துண்டு பஞ்சை டயரின் உள்பக்கம் முழுக்கச் சுற்றி இழு. கண்ணுக்குத் தெரியாத கம்பி இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் புது டியூப் போட்டவர்களுக்குத்தான் அதே இடத்தில் இரண்டாவது பஞ்சர்.

வால்வை நுழைத்து, முறுக்கு விழாமல் டியூபை டயருக்குள் தள்ளு. டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஏற்றத் தொடங்கி வால்விடம் வந்து முடி. கடைசி ஒரு சாண் இறுகும்போது டயரை நெம்பும் லீவரை எடுக்கத் தோன்றும், எடுக்காதே. ஏற்றிய பகுதியை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வா. அதில் கிடைக்கும் தளர்வில் கட்டைவிரல்களாலேயே ஏறிவிடும். லீவர் நுனி கடித்தால் பியூட்டைல் சில நேரம் தழும்போடு தப்பும், டிபியூ நேராகக் கீறிவிடும். ஏற்றியதும் வால்வை உள்ளே ஒருமுறை அமுக்கி விடு, அடியில் இருக்கும் கெட்டியான பட்டை டயர் விளிம்புக்குக் கீழே சிக்காது. 25 பிஎஸ்ஐ அடித்து நிறுத்து, இரண்டு பக்கமும் சுற்றிப் பார், டியூப் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் முழுக் காற்று.

வால்வில் இரண்டு வகை. வழவழப்பான பிளாஸ்டிக் தண்டில் மரையும் கிடையாது, நட்டும் கிடையாது. பம்ப் தலையில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் அழுத்தம் ஏற ஏற வழுக்கிக் கழன்று வரும். மரை போட்டுத் திருகும் பம்ப் அதில் பிடிக்காது. உலோக வால்வ் சில கிராம் கூடுதல், ஆனால் அதையே வாங்கு. இந்த டியூப்கள் மெதுவாகக் காற்று இறங்கக் காரணம் பெரும்பாலும் வால்வ் ஒட்டியிருக்கும் இடம்தான். கைப்பம்பை நேரே செருகி ஆட்டி ஆட்டி அடித்தால் அந்த ஒட்டு விடும். குழாய் வைத்த சின்னப் பம்ப் ஒன்று வைத்துக்கொள்.

பஞ்சர் ஒட்ட ரப்பர் சொல்யூஷன் உதவாது. அது ரப்பரோடு ரப்பராகச் சேரும், பாலியூரித்தேனில் வெறுமனே காய்ந்து நகத்தால் உரித்தால் வந்துவிடும். டிபியூவுக்கென்று தனி ஒட்டு இருக்கிறது. உப்புத்தாள் போடக் கூடாது, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஒட்டி, இரண்டு மூன்று நிமிடம் விரலால் அழுத்து. ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். வீங்கினால் ரப்பரில் ஓட்டை விரியும், இதில் ஊசித்துளை ஊசித்துளையாகவே இருக்கும். உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து மெல்ல நகர்த்து, காற்று படுவது தெரியும். வழியில் இதோடு மல்லுக்கட்டாதே, மாற்று டியூபைப் போட்டுவிட்டு வீட்டில் வந்து ஒட்டு.

அந்த மாற்று டியூபும் இதுவாகவே இருக்கட்டும், உள்ளங்கையில் அடங்கும். சீட்டுப் பையில் கருவிகளோடு வெறுமனே போட்டால் உரசி உரசியே ஓட்டை விழும், துணியில் சுற்றி வை.

ரிம்மின் ஆழத்தை நீ எழுதவில்லை. வால்வ் அதைவிட 15 மி.மீ.க்குக் குறையாமல் நீளமாக இருக்க வேண்டும். அளந்து எழுது, எந்த நீளம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி