விட்டுப்போன ஒரு வரி

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகனுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து அம்மா எழுதுவது. பெங்களூரு விளம்பர நிறுவன வேலையை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு பெரிய சபையின் ஊடகப் பிரிவில் தகவல் தொடர்பு அலுவலராகச் சேரப்போவதாக நீ சொன்னபோது, "ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். எனக்கு அதில் விருப்பமில்லை என்று நீ நினைத்து வருந்துவதாக உன் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அப்படி இல்லை ஐயா. 27 ஆண்டுகள் சபை அச்சகம் ஒன்றில் பிழைதிருத்திக்கொண்டிருந்தவளுக்குத் தொலைபேசியில் யோசனை ஓடுவதில்லை. கையில் காகிதம் இருந்தால்தான் ஓடுகிறது.

சம்பளம் குறைவு என்பதும், ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் உயிர்த்தெழுதல் பண்டிகையும் இனி உனக்கு விடுமுறை நாள்களாக இருக்கமாட்டா என்பதும் உனக்கே தெரியும். அதைப்பற்றி நான் எழுதப்போவதில்லை.

இது புதிய ஊழியம் என்று உன் சபையார் பெருமையாகச் சொல்வதாகச் சொன்னாய். நம் பக்கத்து மண்ணில் இது மிகப் பழைய ஊழியம். முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற இயேசு சபைக் குரு மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கங்களே கொண்ட சிறு நூல் அது. பிறகு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துகள் செய்து அனுப்பினார்கள். அவை அளவில் பெரியவை. அந்த எழுத்தில் அடித்தால் இருக்கிற காகிதம் புதிய ஏற்பாட்டுக்குப் போதாது என்று தெரிந்ததும், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எங்கள் போர்மேன் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஈய மூடியைத் தன் கையாலேயே உருக்கியவரைப்போலச் சொல்வார். எழுத்து அழகாகப் பெரிதாக இருக்கட்டும், வேதத்தில் பாதி போதும் என்று அவர்கள் தீர்மானித்திருக்கலாம் அல்லவா? உங்கள் ஆலயத்தில் புதிதாக வைத்திருக்கும் எல்.இ.டி. திரையின் படத்தை நீ அனுப்பியபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் எங்கள் அச்சகத்தில் ஒரு மாத இதழ் அச்சாகிக்கொண்டிருந்தது; பெயரை எழுத விரும்பவில்லை. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு, பழைய ணை, லை, றா எழுத்துகளைப் புது எழுத்துகளோடு கலந்துவிடாமல் அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் திணறிக்கொண்டிருந்த காலம் அது. என் கவனமெல்லாம் அந்தப் பிழைகள்மேல் இருந்தது. இதழின் கடைசிப் பக்கங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை, நினைவுக் காணிக்கை என்று பொடி எழுத்தில் பெயர்கள் வரும். ஒரு மாதம், பக்கம் கட்டி முடித்த பிறகு ஒரு பெரியவரின் படத்தின் பிளாக், அதாவது படத்தை அச்சடிக்கும் உலோக அச்சு, மாற்றி வந்தது. முந்தியதைவிட உயரம் கூடுதல். பக்கத்தில் இடமில்லை. நினைவுக் காணிக்கைப் பட்டியலின் கடைசி வரியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அடுத்த இதழில் சேர்த்துக்கொள்ளலாம் என்று போர்மேன் சொன்னார். பிழை பார்க்க எடுத்துக் கொடுத்த ப்ரூஃபில் நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த இதழிலும் அந்த வரி வரவில்லை, எல்லோரும் மறந்துபோனோம். மூன்றாம் மாதம் ஒரு வயதான அம்மாள் மூன்று இதழ்களையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அச்சகத்துக்கு வந்தார்கள். இறந்துபோன மகன் நினைவாக 11 ரூபாய் அனுப்பியிருந்தார்கள். வாசிக்கத் தெரியாததால், ஒவ்வொரு மாதமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து மகன் பெயரைத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். "பணம் வந்து சேரலையோன்னு கேக்க வந்தேன்" என்றார்களே தவிர, குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசீதுப் புத்தகத்தில் பணம் வரவாகியிருந்தது. அடுத்த இதழில் அந்த வரியை முதல் வரியாகப் போட்டோம். இருந்தாலும், அந்தப் பிளாக்கை அரை அங்குலம் குறைத்துச் செய்யச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

நீ போகிற இடத்தில் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவருடைய பிளாக் பெரிதாகிக்கொண்டேதான் இருக்கும். பிரசங்கியாரின் முகம், பாடகர் குழுவின் விளக்குகள், நன்கொடை கொடுத்தவரின் வாழ்த்துச் செய்தி, சபைத் தேர்தல் காலத்தில் இரண்டு அணிக்காரர்களின் அறிக்கைகள் என்று எல்லாம் உன் மேசைக்கு வரும். அவற்றில் நியாயமானவையும் இருக்கும். அந்த இடத்துக்காக எந்த வரியை எடுக்கிறார்கள் என்பதைக் கேட்க வேண்டிய ஆள் நீதான். வேறு யாரும் அங்கே அதைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

உன் ஆச்சியை நினைத்துக்கொள். செஷெல்ஸ் தீவிலிருந்து சிற்றலையிலும் இலங்கைப் புத்தளத்திலிருந்து மத்திய அலையிலும் வந்த தமிழ்க் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளை, இரைச்சலுக்கு நடுவே காதை வானொலிப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்பார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் முகவரி சொல்லுவார்கள். ஆச்சி சொல்லச் சொல்ல நான் அஞ்சலட்டை எழுதுவேன். பதிலும் வரும், ஆச்சியின் பெயர் எழுதி, முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று கேட்டு. உனக்கு இனிமேல் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்ற கணக்கு வரும். அதைப் பார், உன் மேலதிகாரிகள் கேட்பார்கள். ஆனால் கீழே ஜெபக் குறிப்பு எழுதுகிறவர்களுக்குக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடாமல், பெயர் சொல்லிப் பதில் எழுத ஓர் ஆளை, முடிந்தால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை, கேட்டு வாங்கிக்கொள். புதிய கேமரா வாங்கித் தருவதாகக் கமிட்டி சொல்லும் நாளில் இதைக் கேட்டால் கிடைத்துவிடும்.

ஒலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்து, ஏப்ரல் 5-ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு முதல் 12-ஆம் தேதி உயிர்த்தெழுதல் வரை ஆலயத்துக்குள் கால்வைக்க முடியாமல், நாற்காலியில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து ஆராதனை பார்த்தோம். எங்கள் சபைக் குருவான ஐயரவர்களின் முகம் தெளிவாகவே தெரிந்தது. பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து முணுமுணுக்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் நான் ஏங்கினேன். ஆலயம் திறந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், படுக்கையிலிருக்கும் உன் தூத்துக்குடிப் பெரியம்மாவுக்கு அந்தச் சத்தம் கிடைத்தபாடில்லை. நேரலையில் பிரசங்க மேடை மைக்கும் பாடகர் மைக்கும் மட்டும் வருவதால், ஆளில்லாத கோயில் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். ஆலயத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்காகக் கலக்கும் ஒலியை அப்படியே நேரலைக்கு அனுப்பினால் இப்படித்தான் இருக்கும், சபையாருக்குத் தனியாக மைக் வைத்து நேரலைக்கென்று தனியாகக் கலக்க வேண்டும் என்று நீதான் ஒருமுறை எனக்கு விளக்கினாய். அப்படியானால் முதல் வேலையாக அதைச் செய். பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனையில் பெரியம்மா மூன்று மணி நேரமும் கேட்பார்கள்.

விளம்பரத் துறையில் கற்றது உனக்கு எதில் உதவும், எதில் கெடுக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சுருக்கிச் சொல்லும் பழக்கம் உதவும். ஒரு முகத்தைக் காட்டி மனத்தை உருக்கும் பழக்கந்தான் பயமாக இருக்கிறது. பிள்ளைகள் இல்லத்துக்குக் காணிக்கை திரட்ட ஒரு படம் எடுத்துக் கொடு என்று கேட்பார்கள். நல்ல நோக்கத்தோடுதான் கேட்பார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது; ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தை நீட்டினால் கமிட்டி சும்மா இருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். சட்டம் இல்லாவிட்டாலும், அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும் இடத்தில் அந்தப் படத்தை யாரோ ஒருவர் எடுத்துக் காட்டுவார் என்பதை நீ யோசிக்க வேண்டும்.

சாட்சி சொல்கிறவர்கள் விஷயமும் அப்படித்தான். குடியிலிருந்து மீண்ட ஒருவர் அந்தக் காலத்தில் உபவாசக் கூட்டத்தில் எழுந்து நின்று அழுதால், அது அந்த நான்கு சுவருக்குள் நின்றுவிடும். கேட்டவர்களும் அவரோடு அழுதவர்கள். இப்போது அது வலைத்தளத்தில் இருபது வருஷம் கிடக்கும், அவர் மகளைப் பெண்பார்க்க வருகிறவர்களும் பார்ப்பார்கள். வெளியிடுமுன் அவரோடு அவர் மனைவியையும் உட்காரவைத்து முழுப் படத்தையும் காட்டு. பிறகு எப்போதாவது வந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுத்துவிடு.

கடைசியாக உன்னைப் பற்றி. காதில் ஹெட்போனோடு, அடுத்த பாட்டின் வரி திரையில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு ஆராதனை நடக்கிறது என்பது மட்டுமே தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேத வசனத்தைப் பல வருஷம் எழுத்தெழுத்தாக மட்டுமே வாசித்தேன், ஒற்று விட்டிருக்கிறதா என்று. உன் அப்பா இறந்த பிறகுதான் 23-ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை பிழை தேடாமல் வாசித்தேன். நீ அவ்வளவு நாள் தள்ளிப்போடாதே. உன்னை யாருக்கும் தெரியாத ஒரு சிறிய ஆலயத்தில், கைப்பேசியை அணைத்துவிட்டு உட்காரக்கூடிய ஒரு வாரநாள் ஆராதனையைப் பார்த்து வைத்துக்கொள்.

முதல் வாரத்துச் சபைச் செய்தி மடலை வெளியிடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. கைப்பேசிக்கு வேண்டாம், எழுத்து பொடியாகத் தெரிகிறது. பெரிய காகிதத்தில் எடுத்துக் கூரியரில் போடு. சிவப்பு மை இன்னும் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தின் பெயர்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா