கூத்தின் தலையில் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் டிவி தொடர்களின் அவசர முடிவுகளைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. கடைசி நேரத்தில் சாமி வந்து காப்பாற்றும் பழக்கம் தெருக்கூத்திலிருந்து வந்ததாம். எழுதியவர் விடிய விடிய உட்கார்ந்து ஒரு கூத்தாவது பார்த்திருப்பாரா?

கண்ணன் சேலை கொடுக்கிறான், சரி. அதோடு பாஞ்சாலிக்குத் தீர்ந்துவிட்டதா? விரித்த கூந்தலோடு 12 வருஷம் காடு, ஒரு வருஷம் மறைந்து வாழ்வது, அப்புறம் 18 நாள் சண்டை. என் பெரியப்பா துரியோதனன் வேஷம் கட்டியவர். துரியோதனன் விழுவதை நடத்திக் காட்டும் படுகளத்தன்று வெயிலில் அரிதாரம் வழிய, தரையில் நீட்டிக் கிடக்கும் மண் துரியோதனனைச் சுற்றி ஓடுவார். அந்த மண் தொடையைப் பிளந்து உள்ளே வைத்த சிவப்புத் தண்ணீரை எடுத்துத் தடவிய பிறகுதான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். சபையில் போட்ட சபதத்துக்கு அங்கேதான் கணக்குத் தீர்கிறது. இதுவா திடீர் முடிவு?

மரத்தூக்கியில் கட்டிச் சாமியை மேடையில் இறக்கியது கிரேக்கர்கள். கி.மு. 431-இல் யூரிப்பிடிஸ் என்ற நாடகாசிரியர் தன் கதாநாயகி மெடியாவைச் சூரியன் கொடுத்த தேரில் ஏற்றித் தப்பிக்க விட்டதை அரிஸ்டாட்டிலே ஒப்புக்கொள்ளவில்லை, முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும் என்று எழுதிவிட்டார். உங்களுக்குத் தெரியாததா!

வள்ளி திருமணத்தில் முருகன் அண்ணனைக் கூப்பிட்டதும் யானை வருகிறதே என்பீர்கள். வரும் என்று முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும், அதற்காகத்தான் தூங்காமல் இருக்கும். அதை நாடகமாக எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானது புதுச்சேரியில்தான், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் நினைவு நாளுக்கு உங்கள் பதிப்பில் நாலு வரி வந்து நான் பார்த்ததில்லை. ஒரு நடிகர் வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் என்று அரைப்பக்கம் வந்தது, பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி ஓடிய ஒரு தொடரில் மாமியார் வருஷக்கணக்கில் சொத்துப் பத்திரத்தை ஒளித்து வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கோயில் படியில் வழுக்கி விழுந்தார், எழுந்ததும் திருந்திவிட்டார், பத்திரம் கை மாறியது, எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ, சுபம். திங்கட்கிழமை அதே நேரத்தில் வேறு தொடர். இதில் சாமி எங்கே வந்தது? டிஆர்பிதான் வந்தது.

ஊரைச் சொல்வானேன், உங்கள் வார இதழ்த் தொடர்கதையிலேயே கடைசி அத்தியாயத்தில் வில்லன் மேல் லாரி ஏறியது. அதுவரைக்கும் கதையில் லாரியே கிடையாது. அப்போதே எழுதினேன். கடிதத்தின் முதல் வரியில் மரியாதைக்குப் பாராட்டியிருந்ததை மட்டும் போட்டு, மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். மிக்க நன்றி.

இந்தக் கடிதத்தையும் வெட்டுங்கள், பரவாயில்லை. கடலூர் பக்கம் எந்தெந்த ஊரில் என்றைக்குப் படுகளம் என்பதை மட்டும் முந்தின நாளே உள்ளூர்ச் செய்தியில் போடுங்கள். மறுநாள் போட்டோ போட்டால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.