மூன்றாவது வாரத்து நாக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. பத்தியம் தொடங்கி மூன்றாவது வாரம், வயிறு உப்புவது பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, மீதி இரண்டு பக்கத்துக்கும் சாப்பாட்டையே எழுதியிருக்கிறாய். சீஸைக் கண்டாலே முகம் சுளிப்பவள் நீ. இப்போது அது உருகி வழிவது போலக் கனவு வருகிறதாம். பச்சை வெங்காயத்தை நறுக்கென்று கடிக்க வேண்டும் போல இருக்கிறதாம். நாலு மணியானால் வறுத்த ரொட்டி வாசனை மூக்கில் ஏறுகிறதாம். மசக்கைக்காரி மாதிரி ஆகிவிட்டேனே, உடம்பில் ஏதோ குறைகிறதா என்று கேட்டிருக்கிறாய்.

உடம்புக்கு எது குறைகிறதோ அதையே நாக்கு கேட்கும் என்று நம் எல்லோருக்கும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கால்சியம் குறைந்ததால்தான் சீஸ் கேட்கிறது என்றால், முள்ளோடு சாப்பிடும் சின்ன மீனையும் அது கேட்க வேண்டும் அல்லவா? ஃபிலடெல்ஃபியாவில் மோனெல் மையம் என்று மணம், சுவை பற்றியே ஆராயும் ஓர் இடம் உண்டு. அங்கிருந்து 2000இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சத்தில் ஒரு குறையும் இல்லாத ஒரே பானத்தை நாள்தோறும் குடிக்கச் சொன்னார்கள். முதியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இளையவர்களுக்கோ ஏக்கம் கூடிவிட்டது. சலிப்பு ஒன்றே போதும் என்பது இதில் தெரிகிறது. சோறு, கேரட், கோழி, மறுபடி சோறு என்று மூன்று வாரம் ஓட்டினால் நாக்கு செத்துப்போகும். அப்படிச் செத்த நாக்கு, இதுவரை பிடிக்காததைக்கூடக் கேட்கும்.

நீ அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். உனக்குக் கொடுத்தது ஃபாட்மேப் பத்தியம், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்து ஆட்கள் உருவாக்கியது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு உண்டாக்கும் சில மாவுச்சத்துகளையும் சர்க்கரைகளையும் 2 முதல் 6 வாரம் விலக்கி வைப்பது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. அவ்வளவுதான் அதன் வேலை. நீயோ அதில் இல்லாததையெல்லாம் சேர்த்து விலக்கியிருக்கிறாய். பாலில் விலக்க வேண்டியது லாக்டோஸ் என்ற அதன் சர்க்கரையை மட்டும்தான். பாலையே தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. செடார், பார்மெசான் மாதிரி கெட்டியாக, நாள்பட்டு முதிர்ந்த சீஸில் லாக்டோஸ் அநேகமாக இருக்காது. பெரும்பகுதி மோரோடு வடிந்துவிடும், மிச்சத்தைப் பாக்டீரியா தின்றுவிடும். உறையின் பின்பக்கம் மாவுச்சத்து எவ்வளவு என்று பார். 100 கிராமுக்கு 1 கிராமுக்குள் இருந்தால் ஒரு வேளைக்கு 40 கிராம் தாராளமாகச் சாப்பிடலாம். கனவில் வந்த சீஸ் உன் பத்தியத்துக்குள்ளேயே இருக்கிறது! வெண்ணெயும் அப்படியே. லாக்டோஸ் நீக்கிய பால் கிடைத்தால் வாங்கு. அது கொஞ்சம் தித்திக்கும். லாக்டோஸை நொதி விட்டுக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைத்திருப்பதால் வரும் இனிப்பு அது, சர்க்கரை போட்டதாக நினைத்துக்கொள்ளாதே. பாலுக்குப் பதில் தாவரப் பால் வாங்கினால், கால்சியம் சேர்த்ததா என்று பார்த்து வாங்கு, ஊற்றும் முன் டப்பாவை நன்றாகக் குலுக்கு. கால்சியம் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் குடித்தால் அது டப்பாவோடு குப்பைக்குத்தான் போகும்.

இனி அந்தச் சூயிங்கம் விஷயம். 'எதையாவது மெல்ல வேண்டும் போல இருக்கிறது, அதனால் சர்க்கரையில்லாத கம் மெல்லுகிறேன், அதில் ஒன்றுமில்லையே' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். கடிதத்திலேயே எனக்குத் திக்கென்றது அந்த வரிதான். சர்க்கரையில்லாத கம்மில் இனிப்புக்காகப் போடுவது சார்பிட்டால், மானிட்டால், சைலிட்டால். உறையில் பெயர் இல்லாவிட்டால் எண் இருக்கும்: 420, 421, 967. நீ விலக்கவேண்டிய கூட்டத்தில் இவையும் உண்டு. ஒரு குச்சியில் சார்பிட்டால் 1.25 கிராம் அளவு இருக்கும். நாளைக்கு எட்டு மென்றால் 10 கிராம். குடல் நன்றாக இருப்பவர்களில்கூடப் பலருக்கு வயிறு ஊதவும் வாயு சேரவும் அது போதும். மெல்லும்போது விழுங்கும் காற்று வேறு. மீதிப் பாதி உப்புசம் ஏன் போகவில்லை என்று கேட்டாயே, அடுத்த நாலு நாள் கம்மை நிறுத்திவிட்டுப் பார். இதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், பத்தியம் பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, முட்டையையும் சோற்றையும்கூட விலக்கியிருப்பாய்.

மெல்லத் தோன்றுவதிலும் ஆச்சரியம் இல்லை. 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியாக வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. ஒருவர் நாளைக்கு 40 பொட்டலம் வரை கம் மென்றார். உன்னுடையது அந்த அளவுப் பட்டினி இல்லை. ஆனால் தெரியாமலே நீ குறைவாகச் சாப்பிடுகிறாய் என்பது என் சந்தேகம். உன் பழைய காலை உணவைக் கணக்குப் போட்டேன். இரண்டு துண்டு ரொட்டி 160 கலோரி, வெண்ணெய் 10 கிராம் 75, பால் 200 மி.லி. 125, ஆக 360. இப்போது ஒரு வாழைப்பழமும் இரண்டு அரிசிப்பொரி வில்லையும் என்றால் 170தான் தேறும். புரதம் 12 கிராமிலிருந்து இரண்டு, மூன்றுக்கு இறங்கிவிட்டது. நாலு மணிக்கு ரொட்டி வாசனை மூக்கில் ஏறுவது இதனால்தான். இரண்டு முட்டையைச் சேர்த்துக்கொள். 150 கலோரி, 12 கிராம் புரதம். வாழைப்பழத்திலும் ஒன்றைக் கவனி. தோல் புள்ளி விழும்படி கனிந்ததில் ஃப்ரக்டான் அதிகம், நீ விலக்கவேண்டிய மாவுச்சத்துகளில் அதுவும் ஒன்று. கொஞ்சம் காய்ப்பதமாக இருப்பதை எடு.

பசியா ஏக்கமா என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். வேகவைத்த முட்டை கிடைத்தாலும் பரவாயில்லை என்று தோன்றினால் பசி. வயிறு நிறைந்த பிறகும் அதுதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றால் ஏக்கம். ஏக்கம் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பண்டத்தை மறந்துவிட்டு அதைக் கூறுபோடு. வறுத்த ரொட்டியில் உனக்கு வேண்டியது எது? ஓரத்து மொறுமொறுப்பு, பழுப்பேறிய வாசனை, உப்பு, கொழுப்பு, சூடு. கோதுமை அந்த வரிசையில் இல்லவே இல்லை. இத்தனையும் உருளைக்கிழங்கில் வரவழைக்கலாம்.

சின்னக் கிழங்காக 250 கிராம், தோலோடு உப்புத் தண்ணீரில் 20 நிமிடம் வேகவை. வடித்து, மூடாமல் ஐந்து நிமிடம் விடு. ஆவி போய்த் தோல் காய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு போட்டால் அது வறுபடாது, வேகத்தான் செய்யும். தம்ளரின் அடியால் ஒவ்வொன்றையும் விரல் கனத்துக்கு அழுத்து. ஓரம் வெடித்துப் பிசிறு பிசிறாக நிற்கட்டும், மொறுமொறுப்பு அந்தப் பிசிறில்தான். அகலமான சட்டியில் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான தீ, இடைவெளி விட்டு அடுக்கு. ஆறேழு நிமிடம் தொடாதே. அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் வேளை வரவில்லை என்று அர்த்தம். பழுப்பேறினால் தானாகவே விட்டுக்கொடுக்கும். திருப்பிப் போட்டு இன்னொரு ஐந்து நிமிடம். உப்பைக் கடைசியில் தூவு, முதலிலேயே போட்டால் தண்ணீர் விடும். இறக்கியதும் மேலே அந்த 40 கிராம் சீஸைத் துருவிப் போட்டால் உன் கனவு தட்டுக்கே வந்துவிடும்.

வெங்காயமும் பூண்டும் இந்தப் பத்தியத்தில் எல்லோரையும் படுத்துபவை. அவற்றில் உள்ள ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்துப் பிறகு எடுத்துவிடுவது வீண்; சாற்றில் எல்லாம் இறங்கியிருக்கும். எண்ணெயில் மட்டும் காய்ச்சி எடுத்தால் மணம் எண்ணெயோடு வரும், ஃப்ரக்டான் பூண்டுப் பல்லிலேயே தங்கிவிடும். 100 மி.லி. எண்ணெய்க்கு நாலு பல், பாதியாக வெட்டியது போதும். நசுக்கினால் துணுக்குகள் வடிகட்டியில் தப்பிவிடும். மெல்லிய தீயில் ஐந்து நிமிடம், நிறம் மாறத் தொடங்கும் முன் இறக்கு, வடிகட்டு. தண்ணீர்ப் பசையுள்ள எதையும் சேர்க்கும் முன் பூண்டு வெளியே போயிருக்க வேண்டும். அதோடு, இந்த எண்ணெயை அலமாரியில் வைத்துவிடாதே. காற்றுப்படாத எண்ணெயில் பாட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சு சேரும். மணத்திலோ நிறத்திலோ தெரியாது. அன்றைக்கன்றே தீர்த்துவிடு, மிஞ்சினால் குளிர்பெட்டியில் மூன்று நாள். பச்சை வெங்காயத்தின் அந்த நறுக்குக்கும் காரத்துக்கும் முள்ளங்கி நன்றாக ஈடுகொடுக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் ஆகும், வெள்ளைக் குருத்து ஆகாது.

இரவில் வருகிற ஏக்கத்துக்குச் சாப்பாடு மருந்தில்லை. அது பாதிக்குமேல் கண்ணுக்குள் ஓடும் படம். படத்தைக் கலைக்கக் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். பிளிமத் பல்கலைக்கழகத்தில் விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை மூன்றே நிமிடம் ஆடவிட்டுப் பார்த்தார்கள், ஏக்கத்தின் வேகம் குறைந்தது. 'நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது' என்று மனதைப் பிடித்துக் கட்டினால் அதுவே திரும்பத் திரும்ப வரும். படுக்கையில் கிடந்து சமையல் வீடியோ பார்ப்பதை நீயே நிறுத்திவிடு, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒருநாள் கை தவறிச் சாப்பிட்டுவிட்டால்? முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு என்ன செய்தது என்று எழுதிவிட்டு, அடுத்த வேளையே பத்தியத்துக்குத் திரும்பு. வயிறு அடங்கி இரண்டு மூன்று நாள் ஆன பிறகுதான் எதையும் சோதிக்கலாம். இது உன் பத்தியத்துக்குத்தான். ஒவ்வாமைக்காகப் பால், முட்டை, கடலை என்று விலக்கி வைத்தவர்கள் வீட்டில் தாமாகத் திரும்பச் சேர்க்கவே கூடாது. நாள்கணக்கில் விட்டுவிட்டுச் சாப்பிடும்போது முன்னைவிடக் கடுமையாகத் தாக்கலாம். மருத்துவர் முன்னால்தான் அந்தச் சோதனை.

திரும்பச் சேர்க்கும் கட்டத்தில், அதிகம் ஏங்கியதை முதலில் வைக்காதே. பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏங்கிக் கிடந்ததை முதல் நாளே மூன்று நாள் அளவுக்குச் சாப்பிட்டுவிடுவோம். அல்லது வலித்தாலும் வலிக்கவில்லை என்று எழுதுவோம். பாலில் தொடங்கு: முதல் நாள் 60 மி.லி., மறுநாள் 125, மூன்றாம் நாள் 250. மூன்று நாள் ஓய்வு. பிறகு ரொட்டி, ஒரு துண்டு, ஒன்றரை, இரண்டு. வெங்காயம் கடைசிப் பக்கமாக வரட்டும், ஒரு மேசைக்கரண்டியில் ஆரம்பித்து. பீட்சாவை வைத்துச் சோதிக்காதே. கோதுமை, வெங்காயம், பூண்டு எல்லாம் ஒன்றாகப் போனால் குற்றவாளி யாரென்று எப்படித் தெரியும்? மாதவிடாய்க்கு முந்தைய நாள்களையும் தவிர்த்துவிடு, வயிறும் நாக்கும் அப்போது தனிக்கணக்கு.

ரொட்டியைத் தொடும் முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால், கோதுமையிலுள்ள புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை எடுத்தாயா? இல்லையென்றால் மருத்துவரிடம் இப்போதே சொல். கோதுமை சாப்பிடாமல் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது 6 வாரம் சாப்பிட்ட பிறகுதான் அந்தப் பரிசோதனைக்கு மதிப்பு.

நாக்கு உண்மையிலேயே உடம்புக்காகப் பேசுகிற சமயமும் உண்டு, அபூர்வம்தான். ஐஸ் கட்டியை ஓயாமல் கடிக்கத் தோன்றினால், அல்லது சாக்பீஸ், மண், பச்சை மாவு என்று போனால், இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்து. உப்பை வாரித் தின்னத் தோன்றி, கூடவே அசதி, எழுந்தால் தலைசுற்றல், தோல் கறுப்பது என்று வந்தால் அட்ரினல் சுரப்பியைச் சோதிப்பார்கள். உன் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

ஒரு சின்ன வேலை வைக்கிறேன். கம்மை நிறுத்திய நாள் முதல் நாலு நாளைக்கு ஒரு தாளில் எழுது: ஏக்கம் வந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி ஆயிற்று, கேட்டது பண்டமா மொறுமொறுப்பா புளிப்பா, ஏக்கத்தின் வேகம் பத்துக்கு எத்தனை. பக்கத்தில் உப்புசத்துக்கும் ஒரு எண். அதை அப்படியே உறையில் போட்டு அனுப்பு, அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்காதே.

கிழங்கு ஒட்டிக்கொண்டதா என்பதையும் எழுது.

உன் பழைய தோழி